கேள்வி ஏதாவது?

சென்னையிலிருந்து வந்தவர்
இரண்டு நாளைக்கு இரண்டு சட்டை கொண்டுவந்திருந்தார்.
புரொஜக்டர் வெளிச்சத்தில்
ஃபிட்டர், வெல்டர், டீசல் மெக்கானிக் என்று
அறுபத்தேழு பேர்.
பெண்கள் நாங்கள் மூன்று.

முதலில் கை குலுக்குவது எப்படி.
தளரவும் கூடாது, நசுக்கவும் கூடாது.
இரண்டு வருஷம் அரம் பிடித்துக் காய்த்த கைகள்
ஒன்றையொன்று பிடித்துப் பார்த்தன.
"இன்னாடா இது, கல்யாண வீட்டு வாசல்ல நிக்கிறா மாதிரி"
என்றான் கெங்காதரன்.

உன்னைப் பற்றிச் சொல் என்றால்
ஊரும் அப்பா தொழிலும் வேண்டாம்.
பலம் என்ன, பலவீனம் என்ன.
பலவீனத்தையும் பலம் போலவே சொல்ல வேண்டும்.
"நான் அளவுக்கு மீறி உழைத்துவிடுவேன் சார்."
அறுபத்தேழு பேரும் சேர்ந்து சொன்னோம்.
வெளியே மே மாதம்
தகரக் கூரையை முறுக்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் கேட்பார்கள்,
கேள்வி ஏதாவது உண்டா என்று.
"இல்லை சார், நன்றி சார்."
ஒரு புன்னகை.
நாற்காலி சத்தமில்லாமல் பின்னால் போக வேண்டும்.

முத்துக்கடை வரைக்கும் தனியார் பஸ்ஸில்
தஸ்லீம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.
மீதிச் சில்லறை இல்லை என்று கண்டக்டர் சொன்னபோது
வாய் தவறி அதுவே வந்தது:
இல்ல சார் நன்றி சார்.
பஸ்ஸே சிரித்தது.
கெங்காதரன் ஜன்னலில் பாலாற்று மணலைப் பார்த்திருந்தான்.
அவன் அண்ணன்
ஒரு தோல் கம்பெனியில் தொட்டி கழுவ இறங்கியவன்.
அதற்குமேல் அவன் சொன்னதில்லை.
நாங்களும் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை நேர்முகம்.
மேசைக்குப் பின்னால் மூன்று பேர்,
யாரும் தொடாத பிஸ்கட் தட்டு.
ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்று
எல்லோருடைய பதிலையும் எல்லோரும் கேட்டோம்.
கெங்காதரன் வெர்னியரைப் பிசகில்லாமல் படித்தான்,
இருபத்து மூன்று புள்ளி நாற்பத்தாறு.
"குட்" என்றார் நடுவில் இருந்தவர்.
"கேள்வி ஏதாவது?"

"ஒண்ணே ஒண்ணு சார்.
தொட்டி கழுவ யார் இறங்குவாங்க?
இறங்கறதுக்கு முன்னாடி
உள்ள நல்ல காத்தான்னு பார்க்க
மெஷின் கீதா?"

"கீதாவா? யார் கீதா?"
வெளியூர்க்காரர் நிஜமாகத்தான் கேட்டார்.
மேசை சிரித்தது, வரிசை சிரித்தது,
நானும் சிரித்தேன்.
அந்தச் சிரிப்புக்குள் எங்கோ
கேள்வி விழுந்துவிட்டது.

அடுத்தது நான்.
என் பலம், என் பலவீனம்.
கேள்வி ஏதாவது?
"இல்லை சார், நன்றி சார்."
நாற்காலிகூடச் சத்தம் போடவில்லை.

பட்டியலில் பதினொரு பெயர்.
என் பெயர் நான்காவது.
பலகையை மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்துவிட்டு
"ட்ரீட் எப்போ?" என்றான் கெங்காதரன்.

முதல் வருஷம் எங்களுக்குத் தந்த முதல் வேலை
ஓர் இரும்புத் துண்டைச் சதுரமாக அராவுவது.
மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து
வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்போம்.
நடுவில் வெளிச்சம் கசிந்தால்
வேலை தப்பு, மறுபடி அரம்.
என் துண்டு பதினேழு தடவை கசிந்தது.

இன்று சிப்காட், இரண்டாம் நம்பர் கேட்.
நீலச் சட்டை. ஒரு சைஸ் பெரிய ஷூ,
முனையில் பஞ்சு அடைத்திருக்கிறேன்.
கிரைண்டர் பக்கத்தில் நிற்க வைத்திருக்கிறார்கள்.
கல்லுக்கும் ரெஸ்ட்டுக்கும் நடுவே
மூன்று மில்லிமீட்டருக்கு மேல் கூடாது
என்று எழுதி இரண்டு மார்க் வாங்கியிருக்கிறேன்.
இதில் என் சுண்டுவிரல் போகும்.
அந்தச் சந்தில்
எதிர்ச்சுவர் ட்யூப்லைட் எரிகிறது.

சூப்பர்வைசர் படித்து முடிக்கிறார்.
பதினைந்து நிமிஷம் தாமதம் என்றால் அரை நாள்.
போன் லாக்கரில்.
பிறகு தாளை மடித்துக்கொண்டே,
நம்ம பக்கத்துக்காரர் போல,
"கேள்வி ஏதாவது கீதா?"

கை பாதிதான் எழுந்தது.
"கீது சார்."